திருச்சியைத் தெரிந்துகொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகித் திருச்சிக்கு வருகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள், இரண்டு மூன்று நாள் லீவு போட்டுச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் இந்த ஊர்க்காரன், ஊர்மேல் பாசம் உண்டு, அது பதில்களில் தெரியும்.

திருச்சி என்றாலே பஸ் மாறுகிற ஊர்தானே? தங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

மாநிலத்தின் நட்டநடுவில் இருப்பதால் வந்த பெயர் அது. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கி ஒரு டீ குடித்ததோடு பலருக்குத் திருச்சி முடிந்துவிடுகிறது. ஆனால் முற்காலச் சோழர்களின் தலைநகரான உறையூர் இன்றைக்குத் திருச்சிக்குள் ஒரு பேட்டை. பல்லவர் குடைந்த குகை ஊர் நடுவில் மலைமேல் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடக்கத் தொடங்கியது இங்கிருந்துதான். 1939 முதல் ஒலிக்கும் திருச்சி வானொலி நிலையத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். குறைந்தது மூன்று நாள் கொடுங்கள், அதற்குத் தகுதியான ஊர்.

ஊரின் அமைப்பே பிடிபடவில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் பிடிபடும். இதைத்தான் எல்லாரிடமும் முதலில் சொல்வேன்.

மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது: வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கிழக்கே இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கி வருகிற இடத்தில் கல்லணை. காவிரிக்குத் தெற்கே இருப்பதைத்தான் பொதுவாகத் 'திருச்சி டவுன்' என்கிறோம்: மலைக்கோட்டை, சத்திரம், தில்லைநகர், உறையூர், இன்னும் தெற்கே வந்தால் ஜங்ஷன், கண்டோன்மென்ட், கே.கே.நகர். கொள்ளிடத்துக்கு வடக்கே நெம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம், மண்ணச்சநல்லூர். மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி தெரியும் அல்லவா, அந்த ஊரேதான்.

இதற்குள் இன்னொரு தண்ணீரும் ஓடுகிறது, உய்யக்கொண்டான் வாய்க்கால். சோழர் காலத்து வாய்க்கால். காவிரியில் பிரிந்து, ஊருக்குள் வீடுகள், ஆஸ்பத்திரிகள், பாலங்கள் நடுவே வளைந்து வளைந்து போய்க் கிழக்கே வயல்களுக்குப் பாய்கிறது. நகரத்துக்குள் அதன் நிலைமை வருத்தம் தருகிறது, பல இடங்களில் சாக்கடை கலக்கிறது. அது வெறும் கால்வாய் இல்லை, இன்னும் பாசனம் கொடுக்கிற பழைய வாய்க்கால் என்பது கரையில் குடியிருக்கிற பலருக்கே தெரியாது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய டவுனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே கோட்டைச் சுவரும் அதைச் சுற்றி அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் சுவரை இடித்து அகழியை மூடினார்கள், அதன்மேல் போட்ட சாலைகள்தான் இன்றைய மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு எல்லாம். மெயின்கார்டு கேட் மட்டும் கோட்டை வாசலாக இன்னும் நிற்கிறது, அதற்குள்ளேதான் ஜனம் ஜவுளி எடுக்கப் போய்வருகிறது.

முக்கொம்பு, கல்லணைக்கு எப்போது போனால் தண்ணீர் இருக்கும்?

மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம், மூன்று நான்கு நாளில் அது இங்கே வந்துவிடும். ஜனவரி கடைசியில் மூடுவார்கள். ஆக, ஜூலையிலிருந்து ஜனவரி வரை வந்தால் நிறைந்த ஆற்றைப் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் வந்துவிட்டு, 'காவிரி என்றார்களே, மணல்தானே இருக்கிறது' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாதங்களில் அப்படித்தான்.

இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்தால் கதை முழுசாகப் புரியும். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. விட்டால் தண்ணீர் அதில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் காயும். அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கரிகாலன் பெயரில் நிற்கிற கல்லணை, கிழக்கே இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. சுமார் 1,080 அடி நீளம், ஆற்றில் நேர்க்கோடாக இல்லாமல் நெளிந்து கிடக்கும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பங்கு பிரிக்கிறார்கள். பாலத்தில் நடந்துகொண்டே ஒவ்வொரு மதகாகப் பாருங்கள். எந்த மதகு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை வைத்தே அன்றைக்கு எந்த ஊர் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்று சொல்லிவிடலாம்.

2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத் தெரிகிற தண்ணீரின் இழுப்பு எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் தண்ணீரில் இறங்க வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளை விடாதீர்கள்.

எந்த பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பழைய பழக்கத்தில் சொல்கிறார்கள், அதனால்தான் குழப்பம். 2025 ஜூலை முதல் வெளியூர் பஸ்களில் பெரும்பாலானவை பஞ்சப்பூரில் மதுரை ரோட்டில் கட்டிய புது நிலையத்துக்குப் போய்விட்டன. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு இப்போது பெரும்பாலும் டவுன் பஸ்களுக்கு. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் பக்கம் போக சத்திரம் பஸ் ஸ்டாண்டு வசதி. ஏறும்போதே கண்டக்டரிடம் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் வந்தால் ஜங்ஷன், சென்ட்ரலுக்கு நடக்கிற தூரம். ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் போகிறவர்கள், ரயில் அங்கே நின்றால் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம். ஊருக்குள் ஒரே ஒரு பஸ் நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் 1ஆம் நம்பரைச் சொல்வேன்: சென்ட்ரல், சத்திரம், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது.

குடிவருகிறோம். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

வேலை எங்கே என்பதைப் பொறுத்தது. பெல் பாய்லர் தொழிற்சாலை, என்.ஐ.டி. பக்கம் வேலை என்றால் திருவெறும்பூர், காட்டூர், துவாக்குடியில் பாருங்கள். தில்லைநகரில் குடியிருந்துகொண்டு தினமும் தஞ்சாவூர் ரோட்டில் போய்வருவது உடம்புக்கு நல்லதில்லை. தில்லைநகர், புத்தூர் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம், வாடகையும் அதற்கேற்ப இருக்கும். கே.கே.நகர் அமைதி, விமான நிலையம் கிட்ட. ஸ்ரீரங்கத்தில் வயதானவர்களுக்குப் பிரமாதமாக இருக்கும், காலையில் எழுந்து நடந்தே கோயிலுக்குப் போய்வரலாம், ஆனால் திருவிழா நாளில் வண்டியைத் தெருவை விட்டு எடுக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா? கோரையாறு, குடமுருட்டி என்று இரண்டு காட்டாறுகள் ஊரின் மேற்கு ஓரமாக வருகின்றன. வருஷத்தில் பெரும்பாலான நாள் அப்படி ஓர் ஆறு இருப்பதே தெரியாது. 2005 நவம்பரில் உறையூர், கருமண்டபம் பக்கமெல்லாம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்காரர் 'அதெல்லாம் வராது' என்பார். எதிர்வீட்டுப் பாட்டியிடமும் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் கேளுங்கள், எந்தப் படிவரை வந்தது என்று கையால் காட்டுவார்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சுவாமி தரிசனம் மட்டும் என்றால் கூட்டத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மணி நேரம். கோயிலைப் பார்ப்பது என்றால் ஒரு முழுக் காலையும் வேண்டும். ஏழு திருச்சுற்று, 21 கோபுரம், 156 ஏக்கர். வெளிச்சுற்றுகள் கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிற தெருக்கள்: சித்திரை வீதி, உத்திர வீதி. வீடு, காய்கறிக் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயே. ஊர் முடிந்து கோயில் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத கோயில் இது.

236 அடி ராஜகோபுரம் எந்த மன்னன் கட்டியது என்று கேட்பார்கள். அடித்தளமும் கீழ்ப்பகுதியும்தான் பழசு. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்றதை 1987இல்தான் கட்டி முடித்தார்கள், அகோபில மடத்து ஜீயர் எடுத்துச் செய்த வேலை.

உள்ளே அவசரப்படாமல் பார்க்க வேண்டியது சேஷராயர் மண்டபம். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள் வரிசையாகத் தூண்களில் நிற்கும். ஒரு தூணைத் தேர்ந்தெடுத்துக் கீழிருந்து மேலே பாருங்கள். குதிரையின் அடிவயிற்றின் கீழே, பாயும் விலங்கோடு மல்லுக்கட்டுகிற வீரன், அவன் கையில் ஈட்டி, குதிரைமேல் இருப்பவனின் இடுப்புக் கச்சை வரை செதுக்கியிருப்பான் சிற்பி. எதிரேதான் ஆயிரங்கால் மண்டபம். ராமானுஜர் சந்நிதியைத் தவறவிடாதீர்கள், அங்கே இருப்பது சிலை இல்லை, அவருடைய உடலே என்பது வைணவர்களின் நம்பிக்கை.

வைகுண்ட ஏகாதசி சமயம் முதல்முறை வருகிறவர்களுக்கு ஏற்றதில்லை. வேண்டுதல் இருந்தால் வாருங்கள், கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு நாள் வாருங்கள்.

திருவானைக்காவலும் போக வேண்டுமா? பக்கத்தில்தானே இருக்கிறது?

கட்டாயம். பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலம், லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். உச்சிக்கால பூஜைக்குப் போகப் பாருங்கள். அர்ச்சகர் புடவை கட்டி, அகிலாண்டேஸ்வரியாகவே வந்து சிவனுக்குப் பூஜை செய்வார். பார்த்தவர்களுக்கு மறக்காது. சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்தது இந்தத் திருவானைக்காவலில்தான்.

மலைக்கோட்டை ஏற முட்டி ஒத்துழைக்குமா?

83 மீட்டர்தான், ஆனால் படிகள் 400க்கு மேல். முழுக்க ஒரே மூச்சில் ஏற வேண்டிய அவசியமில்லை. அடியில் மாணிக்க விநாயகர், இடைவழியில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். முட்டிவலிக்காரர்கள் தாயுமானவர் வரை மெதுவாகப் போய்த் திரும்பிவிடலாம். மகளின் பிரசவத்துக்கு வர முடியாமல் போன தாயின் உருவில் சிவனே வந்து நின்ற கோயில், சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் வைப்பது இங்கே வழக்கம்.

உச்சிக்குப் போகிற வழியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. பத்துக்கு ஒன்பது பேர் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே கங்கையைச் சடையில் தாங்கும் சிவன், 7ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம். நின்று பாருங்கள்.

சாயங்காலம் நாலரை, ஐந்துக்கு ஏறத் தொடங்குங்கள். மத்தியானம் செருப்பில்லாமல் பாறையில் கால் வைக்க முடியாது. மேலே நின்றால் நான் முதலில் சொன்ன கணக்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும்: காவிரி, தீவு, கொள்ளிடம்.

கோயில் தவிர வேறு என்ன?

நத்தர்வலி தர்காவுக்குப் போங்கள். ஆற்காட்டு நவாப் பதவிக்காக சந்தா சாகிபும் முகமது அலியும் இந்தத் திருச்சிக் கோட்டையைச் சுற்றித்தான் சண்டை போட்டார்கள், ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், இன்னொருவர் பின்னால் ஆங்கிலேயர். 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார், முகமது அலி நவாப் ஆகி 1795இல் இறந்தார். இருவரும் அடங்கியிருப்பது இந்த ஒரே தர்காவில்.

தெப்பக்குளம் பக்கம் செயின்ட் ஜோசப் கல்லூரியை ஒட்டி லூர்து மாதா கோயில். புதுக்கோட்டை ரோட்டில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ரயில் பிரியர்களுக்குப் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து 1928வாக்கில் இங்கே வந்த ரயில்வே பணிமனை, ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைப் புதிதாகவே செய்துகொடுத்த இடம். உள்ளே நினைத்தபோது போக முடியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்கு யாரும் போகலாம்.

காந்தி மார்க்கெட்டைப் பார்க்க ராத்திரிதான் நேரம். லாரிகள் வந்து இறக்க, மொத்த வியாபாரம் விடிய விடிய நடக்கும். வழியில் நிற்காமல், மூட்டை தூக்கி வருகிறவருக்கு ஒதுங்கி நின்று பாருங்கள்.

வேலை, படிப்பு எப்படி?

படிப்பில் குறையே இல்லை. என்.ஐ.டி., ஐ.ஐ.எம்., பாரதிதாசன் பல்கலைக்கழகம், சட்டப் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி, பழைய பெயர்களில் செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், ஜமால் முகமது, நேஷனல். வேலையில்தான் ஊர் கொஞ்சம் சிரமப்படுகிறது. 1960களில் வந்த பெல் பாய்லர் தொழிற்சாலையை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன, பெல்லுக்கு ஆர்டர் குறைந்தால் அத்தனைக்கும் வேலை குறையும். நவல்பட்டில் ஐ.டி. பூங்கா இருக்கிறது, ஆனாலும் இங்கே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். இது மாற வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் இருக்கிற ஆசை.

சாப்பாடு?

திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசை. மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல்ஸ் ஐஸ்கிரீம். மணப்பாறைப் பக்கம் போனால் முறுக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இரண்டு தடவை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள், அதனால் நாள் தாங்கும். தொட்டியம், முசிறிப் பக்கம் வாழை செழிப்பு, தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் ஊரில் எந்தப் பழக்கடையிலும் ரகத்துக்குக் குறைவில்லை.

வெயில் அவ்வளவு மோசமா?

ஆமாம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கடற்காற்று இங்கே வராது, ராத்திரியிலும் சுவர் சுடும். ஆடி பிறந்தால் காற்று வீசும், ஆறு நிறையும், ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள் கூட்டம். மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல மாதங்கள் டிசம்பர், ஜனவரி, அதற்கடுத்து ஆகஸ்டு.

சுற்று வட்டாரத்தில் ஒருநாள் பயணம் எங்கே போகலாம்?

எல்லாரும் தஞ்சாவூர் போவார்கள், போக வேண்டியதுதான், ஒரு மணி நேரச் சொச்சம். நான் அதிகம் சொல்வது புதுக்கோட்டைப் பக்கம். நார்த்தாமலையில் பாறைமேல் விஜயாலய சோழீச்சரம், வட்டமான கருவறை, பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இருக்காது. சித்தன்னவாசலில் சமணர் குகையின் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம்: மீன், அன்னம், யானை, பூப்பறிக்கிறவர். நிறைய அழிந்துவிட்டது, இருக்கிற கொஞ்சத்தைக் கண் பழகும் வரை நின்று பார்க்க வேண்டும். மதுரை ரோட்டில் விராலிமலைக்குப் பக்கத்தில் கொடும்பாளூர் மூவர் கோயில், மூன்றில் இரண்டு இப்போது நிற்கின்றன. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், கடைகள் குறைவு.

வடக்கே துறையூர் ரோட்டில் திருவெள்ளறை. கோயிலுக்குப் பக்கத்தில் ஸ்வஸ்திக வடிவில் ஒரு கிணறு, பல்லவன் தந்திவர்மன் காலத்தது. நாலு பக்கமும் படி இறங்கும், ஒரு பக்கம் குளிப்பவரை இன்னொரு பக்கம் இறங்குபவர் பார்க்க முடியாது. மலை வேண்டும் என்பவர்களுக்குத் துறையூர் தாண்டிப் பச்சைமலை.

சமயபுரத்துக்கு எப்போது போகக்கூடாது?

கூட்டம் வேண்டாம் என்றால் ஞாயிறு, செவ்வாய், வெள்ளியைத் தவிருங்கள். மாசிக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கும், அதிலிருந்து 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி இருப்பாள், நைவேத்தியம் இளநீர், பானகம், துள்ளுமாவு மட்டும். அந்த நாட்களில் மஞ்சள் துணி கட்டி நடந்து வருகிறவர்களால் ராத்திரிச் சாலை நிறைந்திருக்கும். கார் ஓட்டுகிறவர்கள் மெதுவாகப் போங்கள், ஓரத்தில் பிள்ளைகள் தூங்கித் தூங்கி நடந்துவரும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம். பத்தரைக்கு வெளியே வந்து டிபன், பன்னிரண்டு மணிக்குள் திருவானைக்காவல் உச்சிக்கால பூஜைக்கு. மத்தியானம் அறையில் படுத்துத் தூங்குங்கள், வெயிலில் அலைய வேண்டாம். நாலரைக்கு மலைக்கோட்டை, இருட்டும் முன் இறங்கி, சின்னக்கடை வீதி, என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு நடை. ராத்திரி வண்டி பத்து மணிக்கு மேல் என்றால் காந்தி மார்க்கெட்டுக்கும் நேரம் இருக்கும். பஸ் என்றால் பஞ்சப்பூர் போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.